அறுபத்துநான்கு கிலோமீட்டர்

அத்தியாயம் 11

மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தது.

வியாழன் காலை ஒன்பது மணி. சனிக்கிழமை நண்பகலில் மாப்பிள்ளை எர்மெக்கின் அம்மா பதினோரு பேரோடு வந்து ஜிபெக்கின் காதில் வெள்ளித் தோடு மாட்டுவதாக ஏற்பாடு. தோடு ஏறிவிட்டால் பெண் அவர்களுடையவள். அதற்குப் பிறகு இரு தரப்பும் பேச்சு மாறக் கூடாது.

நேற்று மாலையோடு அந்த ஏற்பாடு முறிந்துபோயிருந்தது. வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் அது தெரியும். ஜிபெக், அண்ணன் துராத், அம்மா சோல்போன்.

முற்றத்துக் கொப்பரையில் எண்ணெய் காய்ந்தது. அம்மா மாவைச் சின்னச் சதுரங்களாக வெட்டிப் போட்டாள். ஒவ்வொன்றும் உப்பிக்கொண்டு மேலே வந்தது. விருந்துக்கு மேசை முழுக்கக் கொட்டி வைக்கிற போர்சோக்.

"இப்ப எதுக்கும்மா இது?"

"நேத்து மத்தியானம் பிசைஞ்ச மாவு. பொங்கி வழியுது. நம்ம வீட்டுச் சங்கதி அதுக்குத் தெரியுமா?"

அம்மா அழவில்லை. அழுதால் கரண்டி பிடிக்க முடியாது என்று தள்ளிவைத்திருப்பவள் போல் இருந்தாள்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு அவங்க வீட்டுக்கு போன் பண்ணிடுறேன். அதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாது. அவங்க அங்க ஆட்டை அறுத்துடுவாங்க."

ஜிபெக் தலையாட்டினாள்.

வேலிக் கதவு கிரீச்சிட்டது. பக்கத்து வீட்டு குல்சாத் அரிகரண்டியோடு வந்தாள். கூப்பிடாமல் வருவதும் கேட்காமல் உதவுவதும் அவள் வழக்கம்.

"என்னடி கல்யாணப் பொண்ணு, கண்ணு இப்படி வீங்கிக் கெடக்கு? இப்பவே எல்லாத்தையும் அழுது தீத்துட்டா, புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது எதை அழுவே?"

"வெங்காயம் அரிஞ்சா" என்றாள் அம்மா.

"எத்தனை மூட்டை?"

துராத் கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். கையெல்லாம் கிரீஸ். குல்சாத் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா துராத்து, தங்கச்சி போயிட்டா உனக்கு யாரு சோறு போடுவா? எட்டு சைக்கிள் வச்சிருக்கியே, அதுல ஒண்ணைக் கட்டிக்கோ."

"சைக்கிள் எதிர்த்துப் பேசாதுக்கா."

"சார்ஜ் தீந்தா படுத்துக்குமே! போடா. உன் உயரத்துக்குப் பொண்ணு தேடணும்னா குனிஞ்சுதான் தேடணும்."

வழக்கமாக இந்த இடத்தில் ஜிபெக்தான் முதலில் சிரிப்பாள். அண்ணன் அவளைவிட இரண்டு விரல் குள்ளம். அவள் பத்தாம் வகுப்பில் அவனைத் தாண்டி வளர்ந்த நாளிலிருந்து அது வீட்டின் நிரந்தரக் கேலி. இன்று யாரும் சிரிக்கவில்லை. குல்சாத் மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, "எண்ணெய் அதிகமாக் காயுது" என்று மட்டும் சொன்னாள்.

ஜிபெக் உள்ளே போனாள்.

பத்து நாளாக அண்ணனும் தங்கையும் ஒரே ஒரு பெயரைத் தேடித்தான் அலைந்தார்கள்.

ஏழு தகப்பன் பெயரை எல்லோரும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா முதல் பெயர், அவருடைய அப்பா இரண்டாவது, இப்படியே மேலே ஏழு. அந்த ஏழில் ஒரு பெயர் இரண்டு வீட்டிலும் வந்துவிட்டால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. அதற்கு மேல் பேச்சே இல்லை.

ஜிபெக்குக்கு ஆறு பெயர் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன அப்பா சாபிர் அவளுக்கு ஆறுதான் சொல்லிக் கொடுத்தார். ஆறாவது பெயர் செரிக். ஏழாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் சனம் மலை தாண்டிச் சீனப் பக்கம் ஓடியபோது வழியில் செத்தவர்களோடு போய்விட்டது என்பார்.

எர்மெக்கின் அம்மா குறை சொல்லவில்லை. "ஆறு சுத்தம். ஏழாவதையும் எங்கயாவது விசாரிச்சுப் பாருங்க, மனசுக்கு நிம்மதி" என்றாள். அவ்வளவுதான்.

துராத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோடையில் ஏரிக்கரைக்கு வரும் வெளிநாட்டவருக்கு அவன் பேட்டரி சைக்கிள் வாடகைக்கு விடுகிறான். செப்டம்பர் முடிந்தால் எட்டு வண்டியும் கொட்டகையில் தூங்கும். "வா, ரெண்டு வண்டி எடுத்துக்கலாம். முன்னோர் இருந்த இடத்தையெல்லாம் சுத்துவோம். உனக்குப் பெயர் கிடைக்கும், எனக்கு அடுத்த வருஷத்துக்கு ஒரு புதுப் பாதை கிடைக்கும்."

அப்படித்தான் கிளம்பினார்கள். தாத்தாவின் குளிர்காலப் பட்டி இருந்த பள்ளத்தாக்கு. அவருடைய அப்பா ஆடு மேய்த்த சரிவு, அங்கே பாறைகளில் யாரோ எந்தக் காலத்திலோ கொத்திய கொம்புமான்கள். தாம்கா ஊரில் பழைய எழுத்து வெட்டிய பெரிய கல். பழங்காலச் சாக்கர்கள் தங்கள் தலைவர்களைப் புதைத்த மண்மேடுகள். மூச்சு வாங்காமல் மேடேறியபடி பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே போக முடிந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அண்ணனோடு இவ்வளவு பேசியதில்லை என்று ஜிபெக் நினைத்துக்கொண்டாள்.

நேற்று, புதன்கிழமை, கிசில்-ஜார் இடுகாடு. சிவப்பு மேட்டின் மேல் மண்ணால் கட்டிய கல்லறைகள். பெண்கள் உள்ளே போவதில்லை. ஜிபெக் தாழ்ந்த சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றாள். துராத் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். ஒரு கல்லறைச் சுவரில் துருப்பிடித்த தகடு. இருபது அடி தூரத்திலிருந்தே அவளால் படிக்க முடிந்தது.

நுராலி மகன் செரிக்.

எர்மெக்கின் பட்டியலில் ஏழாவது பெயர் நுராலி.

ஒரு பெயர். எட்டாவதாக வந்திருந்தால் ஒன்றுமில்லை.

"யாரோ அம்பதுகள்ல வச்ச தகடு போல இருக்கு" என்று துராத் சொன்னான். பிறகு சுவரைத் தாண்டி வந்து அவளை அணைத்துக்கொண்டான். அவன் உடம்பு நடுங்கியது. அவளுக்காக நடுங்குகிறான் என்று அவள் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எர்மெக்குக்கு ஒரே வரி அனுப்பினாள். ‘ஏழாவது பெயர் கிடைச்சிடுச்சு. நுராலி.’

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. ‘நம்ம கையில என்ன இருக்கு ஜிபெக். இனிமே நீ எனக்குத் தங்கச்சி. அண்ணனா இருந்து ஒரு நாளும் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன். அழாதே.’

நான்கு வருடம். பிஷ்கெக்கில் அவள் விடுதி வாசலில் அவன் காத்திருந்த குளிர்காலங்கள். இந்த வீட்டின் தாழ்ந்த வாசலில் ஒவ்வொரு முறையும் குனிந்து நுழைந்து, ஒவ்வொரு முறையும் நிலையில் இடித்துக்கொள்வான். அந்தப் பதிலை அவள் இரவெல்லாம் படித்தாள். அவனும் அழுதுகொண்டுதான் எழுதியிருப்பான் என்பதே அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

மேசையில் கோடு போட்ட நோட்டு கிடந்தது.

பயணம் தொடங்கிய நாளில் துராத் கேட்டிருந்தான். "நீ வேதியியல் படிச்சவ, கணக்கா எழுதுவே. தினமும் ரெண்டு வண்டி மீட்டரையும் குறிச்சு வை. எந்த மேட்டுக்கு எவ்வளவு சார்ஜ் போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

அவள் காலையும் மாலையும் விடாமல் எழுதியிருந்தாள். நேற்று மாலை வந்து இறங்கியபோதுகூட, கண்ணில் நீரோடு மீட்டரைப் பார்த்து எழுதியிருந்தாள். கைப்பழக்கம். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வருடமாக அதுதான் வேலை.

இப்போது கூட்டல் கழித்தல் மட்டும் பாக்கி. கொடுத்த வேலையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் மூச்சு விட முடிந்தது.

அவளுடைய சிவப்பு வண்டி. திங்கள் மாலை 1848. புதன் காலை 1912.

ஜிபெக் பேனாவை நிறுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை வண்டியை யாரும் எடுக்கவில்லை. அன்று அவளும் அம்மாவும் துணி எடுக்கக் காரகோல் போயிருந்தார்கள். ஏரியில் உலான் காற்று அடிக்கிறது, நான் வீட்டிலேயே இருக்கிறேன் என்று துராத் சொன்னான்.

கழித்துப் பார்த்தாள். அறுபத்துநான்கு.

தப்பாக எழுதியிருப்பேன் என்று அண்ணனின் வண்டியைப் பார்த்தாள். திங்கள் மாலை 2307. புதன் காலை 2371. அறுபத்துநான்கு.

ஒரு வண்டியில் தப்பு நடக்கலாம். இரண்டு வண்டியில் ஒரே தப்பு நடக்காது.

கடைசி வரிக்கு வந்தாள். நேற்று கிசில்-ஜார் போய்த் திரும்பிய தூரம். இரண்டு வண்டியிலும் அறுபத்துநான்கு.

முற்றத்தில் குல்சாத் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எண்ணெய் சீறியது. ஜிபெக் நோட்டை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

துராத் ஒரு சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

"ம்."

"செவ்வாய்க்கிழமை எங்கயாவது போனியா?"

அவன் நிமிரவில்லை. "எங்க போறது? அந்தக் காத்துல? தூங்கினேன்."

"வண்டிய யாருக்காவது குடுத்தியா?"

"யாரு வர்றா இந்த மாசத்துல? ஏன் கேக்கறே?"

"சும்மா."

சங்கிலி ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பதினோரு மணிக்குத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சிவப்பு வண்டியை வெளியே தள்ளினாள். சார்ஜ் நூறு.

"எங்கடி?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

"ஏழு மணிக்குள்ள வந்துடு. நான் போன்ல பேசும்போது நீ பக்கத்துல இருக்கணும். தனியாப் பேச எனக்குத் தைரியம் இல்ல."

அதுதான் அம்மா நேற்றிலிருந்து தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை.

ஏரி இடது பக்கம் கூடவே வந்தது. பாதாமி மரங்கள் இலை பழுத்து நின்றன. எதிர்க்காற்று. மோட்டார் உதவியை இரண்டில் வைத்து மிதித்தாள். போகவர அறுபத்துநான்கு, எதிர்க்காற்றில் சார்ஜ் முப்பதுக்குக் கீழே இறங்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

வண்டியைப் பற்றியும் ஒரு நினைவு வந்தது. நேற்றுக் காலை ஏறியபோது கால் தரையை எட்டவில்லை. சீட் நான்கு விரல் உயரம் ஏறியிருந்தது. சீட்டுத் திருகைத் தளர்த்தி இறக்கிக்கொண்டே முணுமுணுத்தாள். "பிரேக் பாக்கறதுக்கு நான்தான் ஒரு சுத்து ஓட்டினேன்" என்று துராத் சொன்னான். அப்போது அவள் அதை யோசிக்கவில்லை. இப்போதும் முழுதாக யோசிக்க விரும்பவில்லை. முதலில் தகடு.

கிசில்-ஜார் திருப்பத்தில் கழுதை வண்டியில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார்.

"ஏம்மா, இந்தக் குதிரை புல்லு தின்னாதா?"

"கரண்டு தின்னும்."

"சாணி போடுமா?"

"போடாது."

"அப்ப என்ன புண்ணியம்?" என்று சொல்லிவிட்டு இரண்டு ஆப்பிளை அவள் கூடையில் போட்டார். "முந்தாநாளு ரெண்டு வந்துச்சு, நேத்து ரெண்டு. இன்னைக்கு ஒண்ணு. உங்க மந்தை கொறஞ்சுகிட்டே வருதே."

"முந்தாநாள் நல்லாப் பாத்தீங்களா?"

"என் கழுதை மெரண்டுச்சே, நான் பாக்காம? மணியடிக்காமப் போனானுங்க." அவர் கழுதையைத் தட்டிவிட்டார்.

இடுகாட்டின் சுவர் அருகே வண்டியிலிருந்து இறங்கினாள். குதிரையிலிருந்து இறங்கினால் செய்வதைப் போலவே இரு கையையும் விரித்து, தெரிந்த வசனத்தைச் சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டாள்.

பிறகு சுவரைத் தாண்டினாள்.

இருபத்தாறு வயதில் அவள் முதல்முறையாக ஓர் இடுகாட்டுக்குள் நடந்தாள். அப்பாவைப் புதைத்த அன்றுகூட வீட்டு வாசலோடு நின்றவள். காய்ந்த செடிக்குச்சியும் முள்ளும் பாவாடையைப் பிடித்தன. ஒவ்வொரு கல்லறையையும் கடக்கும்போது மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

தகடு அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

விரலால் தொட்டாள். ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டியது.

பழைய துரு இப்படி ஒட்டாது. அறுபது, எழுபது வருடத் துரு கறுத்து, இரும்போடு இறுகியிருக்கும். இது இரண்டு மூன்று நாள் துரு. உப்பும் காடியும் சேர்த்துத் தடவினால் ஒரே நாளில் வரவழைக்கலாம். எட்டாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்கு அவளே செய்து காட்டியிருக்கிறாள்.

நான்கு ஆணி. தலைகளில் துருவைப் பூசியிருந்தார்கள், ஆனால் சுத்தியல் பட்ட இடம் பளிச்சென்று இருந்தது. கீழே புல்லில் உதிர்ந்த மண் இன்னும் மழை படாமல் கிடந்தது.

கீழ் மூலையில் நகத்தை நுழைத்து வளைத்தாள். மெல்லிய தகடு. எளிதாக மடங்கியது.

பின்பக்கம் பச்சைப் பெயின்ட். ஓர் எழுத்தின் வால். பெயின்ட்டுக்குள் ஒரு தூரிகை முடி சிக்கி உலர்ந்திருந்தது.

அந்த முடி அவளுக்குத் தெரியும். போன வசந்தத்தில் அண்ணனின் கடைக்கு அவள் எழுதிக் கொடுத்த தகரப் பலகை. மலிவுத் தூரிகை, முடி கொட்டிக்கொண்டே இருந்தது. "இருந்துட்டுப் போகட்டும், உன் கையெழுத்துக்கு மீசை" என்று அவன் சிரித்தான். பலகை பழசாகிவிட்டது என்று போன வாரம்தான் கழற்றினான்.

அவள் எழுதிய பலகையை வெட்டி, அவள் சொல்லிக் கொடுத்த துருவைப் பூசி, அவள் வர முடியாத இடத்தில் அடித்திருக்கிறான்.

கல்லறைச் சுவரில் சாய்ந்தாள்.

கீழே மண் சாலையில் சக்கரம் சறுக்கும் சத்தம். துராத். வண்டியைச் சுவரில் மோதுவது போல் நிறுத்தினான். வழி முழுக்க முழு உதவியில் வந்திருக்கிறான், மீட்டரில் சார்ஜ் சிவப்பாக மின்னியது. மேசையில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்திருப்பான்.

"ஜிபெக்! வெளிய வா. பொம்பளைங்க உள்ள நிக்கக் கூடாது."

"பொய் சொல்றவங்க நிக்கலாமா?"

அவன் சுவரைத் தாண்டி மெதுவாக வந்தான். மடங்கிய மூலையில் பச்சையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது யாரோட கல்லறை?"

"தெரியாது. பேரில்லாம இருந்துச்சு."

"பேரில்லாதவருக்கு நீ பேரு வச்சியா? அந்தப் பேரு தெரியாத மனுஷன்கிட்டயாவது மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்கிட்ட?"

துராத் மடங்கிய தகட்டை நிமிர்த்தப் பார்த்தான்.

"நம்ம ஏழாவது பேரு என்ன? உண்மையா?"

"கெடைக்கலை. பத்து நாளும் நெஜமாத்தான் தேடினேன் ஜிபெக். ஒருத்தருக்கும் தெரியலை."

"ஏன் பண்ணினே?"

"எனக்கு எர்மெக்கைப் பிடிக்கலை."

"பிடிக்காதவனுக்குத்தான் உன் நல்ல குதிரையைக் குடுக்கறேன்னு சொன்னியா?"

"அம்மா தனியாயிடுவா. அதான்."

"அம்மாவா? எனக்கு எப்ப கல்யாணம்னு ரெண்டு வருஷமா கேக்கறவ அம்மா. வேற ஏதாவது நல்லதா சொல்லு. தகட்டுக்கு எடுத்துக்கிட்ட சிரமத்துல பாதியாவது இதுக்கு எடுத்துக்கோ."

அவன் முகம் சுருங்கியது. சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கும் முன் அப்படித்தான் நிற்பான்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கோபத்தின் நடுவில், கதவு திறந்தது போல.

நுராலி பொய். அப்படியானால் தடை இல்லை.

ஜிபெக் சிரித்தாள். கண்ணீரும் சேர்ந்து வந்தது. "அண்ணே, நீ ஒரு முட்டாள். பெரிய முட்டாள். ஆனா பரவாயில்ல. எனக்கு இப்ப அது பெருசில்ல. சனிக்கிழமை அவங்க வரலாம். நான் அவனுக்குத் தங்கச்சி இல்ல!"

மணி இரண்டு. இன்னும் நாற்பத்தாறு மணி நேரம். போர்சோக் தயார். ஆடு அறுக்கலாம். எர்மெக் அங்கே எந்த அறையில் எப்படி உட்கார்ந்திருக்கிறானோ. பாவம், அவனுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

போனை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"எர்மெக்கைக் கூப்பிடுறேன்."

"வேண்டாம்."

"பயப்படாதே, உன் பேரை இழுக்க மாட்டேன். தப்பாப் படிச்சிட்டோம்னு சொல்லிக்கலாம்."

"ஜிபெக், வேண்டாம். வீட்டுக்குப் போயிப் பேசலாம்."

அவள் எர்மெக்கின் பெயரை அழுத்தினாள். அண்ணனும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைத் தட்டினாள். மணி ஒலிக்கத் தொடங்கியது. கல்லறைகளுக்கு நடுவில் அந்தச் சத்தம் கூச்சமாக இருந்தது.

துராத் ஓடி வந்து போனைப் பிடுங்கப் பார்த்தான். அவள் கையை உயர்த்தினாள். அவனுக்கு எட்டவில்லை. இரண்டு விரல் உயரம்.

அந்த நொடியில் அவள் கை மேலேயே நின்றது.

இரண்டு வண்டிக்கும் அறுபத்துநான்கு. ஒன்றில் துராத் வந்தான். ஆப்பிள்காரர் இரண்டு பேரைப் பார்த்தார். இவன் உட்கார்ந்திருந்தால் சீட் இறங்கியிருக்கும். ஏறியிருக்காது.

இரண்டாவது மணி.

"அண்ணே."

"அதை முதல்ல நிறுத்து."

"சிவப்பு வண்டியை எடுத்தது நீ இல்ல."

மூன்றாவது மணி. துராத் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் என்ன பண்றது சொல்லு. ஒருத்தன் வந்து மாட்டேன்னு சொல்லிட்டா, இந்த ஊர் உன்கிட்டதானே குத்தம் தேடும்? அவளுக்கு என்ன குறைன்னுதானே கேக்கும்? முன்னோர் தடுத்தாங்கன்னா யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. உனக்கும் வலிக்காதுன்னு நினைச்சேன். கொஞ்சமா வலிக்கும்னு நினைச்சேன்."

"யாரு வந்து மாட்டேன்னு சொன்னது?"

அவன் தலையாட்டினான். இல்லை, இல்லை என்பது போல.

நான்காவது மணி பாதியில் நின்றது. அந்தப் பக்கம் யாரோ எடுத்திருந்தார்கள். திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. ஒன்று, இரண்டு. துராத் அதைக் கவனிக்கவில்லை.

ஜிபெக் போனைப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்தாள்.

"என் வண்டியில யாரு வந்தது?"

துராத் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"எர்மெக்" என்றான். "நுராலின்னு எழுதச் சொன்னதும் அவன்தான். ஆணி அடிச்சதும் அவன்தான்."